லேமினேட் தரை: வாங்கும் முன்பும் போடும்போதும் எழும் கேள்விகள்

சென்னை போன்ற கடலோர ஊர்களில், டைல்ஸ் போட்ட அடுக்குமாடி வீட்டில், பழைய தரைக்கு மேலேயே லேமினேட் போட நினைப்பவர்களுக்கான பதில்கள் இவை. புதுக்கட்டடத்தில் சிமென்ட் தளத்தின் மேல் போடுபவர்களுக்கு எங்கே மாறுபடும் என்பதும் ஆங்காங்கே உண்டு.

லேமினேட் என்பது மரத்தரைதானா?

இல்லை. கண்ணுக்குத் தெரிவது மரத்தின் படம் அச்சிட்ட காகிதம். அதன் மேல், மெலமைன் பிசினில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்த தெளிவான படலம். நடுவில் ஹெச்.டி.எஃப்., அதாவது மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய கெட்டிப் பலகை. அடியில், பலகை வளைந்துவிடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காகிதப் படலம்.

செருப்பு, நாற்காலி, மணல் எல்லாவற்றையும் மேல்படலம் தாங்கிக்கொள்ளும். தண்ணீரிடம் தோற்பது நடுப்பலகை. கெட்டுப்போன லேமினேட் தரையைப் பிரித்துப் பார்த்தால் மேல்முகம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். ஊறிக்கிடப்பது ஓரமும் அடிப்பக்கமும். அதனால் டிசைன் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தைவிட அடித்தளத்துக்கும் சுவரோரத்துக்கும் அதிக நேரம் கொடுங்கள்.

கடைகளில் எல்லாவற்றையும் ‘உட்டன் ஃப்ளோரிங்’ என்றே சொல்வார்கள். லேமினேட்டா, மேலே அசல் மரப்பட்டை உள்ள எஞ்சினியர்டு மரமா, கல்தூளும் பி.வி.சி.யும் கலந்த எஸ்.பி.சி.யா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். அசல் மரப்பட்டை போதிய கனத்தில் இருந்தால் இழைத்துப் பாலிஷ் போடலாம். லேமினேட்டை இழைக்கவே முடியாது; இழைத்தால் படம் போய்விடும்.

எந்த அறைக்குப் போடலாம்? எதற்கு வேண்டாம்?

மேல்மாடியில் உள்ள படுக்கையறை, படிப்பறை, குழந்தைகள் அறை ஆகியவற்றுக்குத் தயங்காமல் போடலாம். ஹாலுக்கும் போடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் வீட்டில் இருந்தால், முதலில் அந்த வழக்கத்தை மாற்ற வீட்டார் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறை, குளியலறை, வாஷிங் மெஷின் வைக்கும் இடம் இவற்றுக்கு வேண்டாம். பூஜையறைக்கும் வேண்டாம்: விளக்கிலிருந்து சிந்தும் எண்ணெயைத் துடைத்துவிடலாம், சாம்பிராணிக் கரண்டியிலிருந்து விழும் ஒரு கங்கு போடும் தழும்பு போகாது.

தரைத்தளத்தில் இரண்டு பகைகள்: கீழிருந்து ஏறும் ஓதம், கரையான். ஹெச்.டி.எஃப். மரநார்தான், கரையானுக்கு அது உணவு. தரைத்தளத்தில்தான் போட்டாக வேண்டும் என்றால், கரையான் மருந்து அடித்து, ஓதம் இல்லை என்று சோதித்த பிறகே தொடங்குங்கள். ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கான கரையான் தடுப்பு முறை ஐ.எஸ். 6313 தரத்தின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. மருந்தடிப்பவரிடம் அதைக் குறிப்பிட்டே கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் புகுந்த தரைத்தள வீடு என்றால் லேமினேட்டை மறந்துவிடுங்கள். டைல்ஸ் போதும், மரத்தோற்றம்தான் வேண்டுமென்றால் எஸ்.பி.சி. போடலாம்.

பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையையோ ஆத்தங்குடிக் கல்லையோ மூடலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தக் காலத் தரைகள் பலவற்றின் அடியில் ஓதத் தடுப்பு கிடையாது. ஈரம் மேலே வந்து காற்றில் காய்ந்துபோகும். பிளாஸ்டிக் விரித்து மூடினால் அது உள்ளேயே நின்று சுவர் பக்கம் ஏறும். அதோடு, அந்தத் தரையை மூடுவது பட்டுப்புடவை மேல் நைட்டி போட்டுக்கொள்வது மாதிரி.

ஏசி3, ஏசி4 என்று பெட்டியில் போட்டிருப்பது என்ன?

குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தேய்மான வகுப்பு, ஈ.என். 13329 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சோதித்துத் தருவது. வீட்டுக்கு ஏசி3 போதும். ஹாலுக்கோ, நாயும் சிறு பிள்ளைகளும் ஓடியாடும் வீட்டுக்கோ ஏசி4. ஏசி5 கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமானது. படுக்கையறைக்கு அது வீண்செலவு. எண் கூடினால் தண்ணீரைத் தாங்கும் திறனும் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கத்திலேயே ஈ1 என்ற குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பலகையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறைக்கு இது முக்கியம்.

8 மி.மீ. வாங்குவதா, 12 மி.மீ. வாங்குவதா?

கனம் கூடினால் காலடியில் கெட்டியாக இருக்கும், சத்தம் குறையும், ஒரு பலகை இன்னொன்றோடு பூட்டிக்கொள்ளும் லாக்கும் உறுதியாக இருக்கும். ஆனால் உயரமும் கூடும். 8 மி.மீ. பலகையும் அதன் அடியில் விரிக்கும் 2 மி.மீ. அண்டர்லே என்ற ஃபோம் விரிப்பும் சேர்ந்தால் 10 மி.மீ.; 12 மி.மீ. பலகை என்றால் 14 அல்லது 15 மி.மீ. கதவுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா? உள்பக்கம் திறக்கும் கதவை எப்படியும் இழைத்தாக வேண்டும். தரை நல்ல மட்டமாக இருந்தால் நாங்கள் 8 மி.மீ. பக்கமே சாய்வோம், மிச்சமாகும் பணத்தை நல்ல அண்டர்லேக்குப் போடலாம்.

வாட்டர்ப்ரூஃப் லேமினேட் வந்துவிட்டதாமே?

மேலே கொட்டிய தண்ணீர் 24 மணி நேரம் நின்றாலும் இறங்காது என்று உத்தரவாதம் தரும் வகைகள் இருக்கின்றன. மூட்டுகளில் மெழுகு பூசி, லாக்கை இறுக்கமாகச் செய்து இதைச் சாதிக்கிறார்கள். இந்த உத்தரவாதம் மேல்முகத்துக்கு மட்டும். அடியிலிருந்து வரும் ஓதத்துக்கோ, பலகை விரிவதற்காக விடும், வெட்டிய விளிம்பு வெறுமனே நிற்கும் சுவரோர இடைவெளிக்கோ அது பொருந்தாது. நம் வீடுகளில் தண்ணீர் வருவது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான்: ஏர்கண்டிஷனரின் டிரெயின் குழாய் அடைத்து சுவர் வழியே இறங்கும் நீர், பால்கனிக் கதவுக்குக் கீழே அடித்து வரும் மழை, குளியலறை வாசல்.

அந்த மூன்று இடங்களிலும் இடைவெளிக்குள் அமுங்கக்கூடிய ஃபோம் கயிற்றைச் செருகி, மேலே சிலிகான் அடைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். பலகை அசையவும் இடம் இருக்கும், நீரும் இறங்காது.

எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

அறையின் பரப்போடு நேர்வரிசைக்கு 8 விழுக்காடு, மூலைவாட்டில் போட்டால் 15 விழுக்காடு சேதாரம் சேருங்கள். 12 அடிக்கு 14 அடி அறை 168 சதுர அடி. சேதாரத்தோடு 181.5. ஒரு பலகை 1215 மி.மீ. நீளம், 195 மி.மீ. அகலம் என்றும் பெட்டிக்கு 8 பலகை என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பெட்டி 20.4 சதுர அடி மூடும். 9 பெட்டி வேண்டும். பத்தாவதையும் வாங்கிப் பரணில் கிடத்தி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பலகை போனால் அதே டிசைன் கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய டைல்ஸை உடைக்க வேண்டுமா?

வேண்டாம். கெட்டியாக ஒட்டியிருக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் நல்ல அடித்தளம். ஒவ்வொரு டைலையும் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்து, மிதித்தால் ஆடவும் செய்தால் அந்த டைலை மட்டும் எடுத்துவிட்டுக் கலவை போட்டு மட்டம் செய்யுங்கள். டைல்ஸ் நடுவே இருக்கும் 2, 3 மி.மீ. கோடுகளை நிரப்பத் தேவையில்லை.

மட்டம் பார்ப்பதுதான் பெரிய வேலை. 2 மீட்டர் நீள அலுமினிய மட்டப்பலகையை நேராகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் வைத்து, அடியில் எங்காவது 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பள்ளத்தை, தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவையால் நிரப்பி, மேட்டைத் தேய்க்க வேண்டும். ‘ஃபோம் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பள்ளத்தின் மேல் நிற்கும் பலகை ஒவ்வொரு மிதியிலும் வளையும். லாக்கின் நாக்கு 2 மி.மீ. கனம்கூட இருக்காது, கொஞ்ச நாளில் ஒடிந்துவிடும்.

தரை மொத்தமும் ஒரே பக்கம் சரிவாக இருந்தால் கவலையில்லை. மேடுபள்ளம்தான் ஆகாது.

ஓதம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மீட்டர் சதுரமாகப் பாலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப்பால் தரையோடு ஒட்டி, மூன்று நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றாலோ, சிமென்ட் தளம் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது. குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று, வெளிச்சுவரை ஒட்டி ஒன்று என்று இரண்டு இடத்தில் செய்யுங்கள். கருவி வைத்து அளப்பவர்கள், கார்பைடு முறையில் சிமென்ட் தளத்தின் ஈரம் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள்.

புதுத் தளம் என்றால் பொறுமை வேண்டும். முதல் 4 செ.மீ. கனத்துக்கு செ.மீ.க்கு ஒரு வாரம், அதற்கு மேல் செ.மீ.க்கு இரண்டு வாரம் என்பது உலர்வதற்கான பொதுக் கணக்கு. 5 செ.மீ. தளத்துக்கு ஆறு வாரம் ஆகும். அதுவும் சன்னல் திறந்து காற்றோட்டம் இருந்தால்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கு பலிக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அடியில் என்னென்ன விரிக்க வேண்டும்?

முதலில் 200 மைக்ரான் பாலித்தீன் தாள். ஒன்றின் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரோரம் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, ஸ்கர்டிங் அடிக்கும் முன் வெட்டிவிடலாம். அதன் மேல் 2 அல்லது 3 மி.மீ. அண்டர்லே. இது ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, விளிம்போடு விளிம்பு சேர வேண்டும். ஈரத்தடுப்பு ஏற்கெனவே ஒட்டி வரும் அண்டர்லே என்றால் தனித் தாள் தேவையில்லை.

‘மெத்து மெத்தென்று இருக்கட்டும்’ என்று 5 மி.மீ. ஃபோம் கேட்காதீர்கள், இரண்டு அடுக்கும் போடாதீர்கள். மேடுபள்ளத் தரை லாக்கை ஒடிப்பதுபோல அதுவும் ஒடிக்கும்.

பெட்டி வந்த அன்றே போட்டுவிடலாமா?

கூடாது. போடப்போகும் அறையிலேயே, பெட்டியைப் பிரிக்காமல், தரையில் படுக்கையாக 48 மணி நேரம் வையுங்கள். கோடவுனின் புழுக்கத்திலிருந்து வந்த பலகை உங்கள் அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். அதற்கு முன் பட்டி பார்ப்பது, பிரைமர், பிளம்பிங் ஆகிய ஈர வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்? பக்கத்தில் நின்று எதையெதைப் பார்ப்பது?

பலகைகளைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். முனை உடைந்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் அப்போதே ஒதுக்கிவிட வேண்டும். போட்ட பலகையைக் கம்பெனி மாற்றித்தராது. மூன்று நான்கு பெட்டிகளை ஒன்றாகப் பிரித்துக் கலந்து போட்டால் ஒரே மரக்கணு பக்கத்துப் பக்கத்தில் வராது.

அடுத்தது கணக்கு. இதைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். அறையின் அகலம் 3150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 10 மி.மீ. விட்டால் 3130. 195 மி.மீ. பலகையில் 16 வரிசை போட்டால் 3120. கடைசியில் 10 மி.மீ. கீற்று ஒன்று மிஞ்சும். அப்படி ஒரு கீற்றை லாக் செய்யவே முடியாது. கடைசி வரிசை 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆகவே முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் தலா 102 மி.மீ. அளவில் வெட்டிக்கொண்டு, நடுவில் 15 முழு வரிசை போட்டால் சரியாக வரும்.

பலகையின் நீளவாக்கு சன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையோடு போனால் மூட்டுக்கோடு கண்ணில் படாது. முதல் வரிசையில் சுவர்ப்பக்கம் வரும் நாக்கை வெட்டிவிட்டு, சுவரோர இடைவெளியைக் காக்க ஸ்பேசர் ஆப்பு வைத்துத் தொடங்க வேண்டும். சுவர் வளைந்திருந்தால், பெரும்பாலும் வளைந்துதான் இருக்கும், அந்த வளைவைப் பலகையில் வரைந்து வெட்ட வேண்டும். முதல் வரிசை நூல் பிடித்தாற்போல நேராக இல்லாவிட்டால் பத்தாவது வரிசையில் மூட்டு வாய் பிளக்கும். ஒரு வரிசையின் முனை மூட்டும் அடுத்த வரிசையின் முனை மூட்டும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி வர வேண்டும். முந்தைய வரிசையில் வெட்டி மிஞ்சிய துண்டு 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதிலேயே அடுத்த வரிசையைத் தொடங்கலாம்.

பலகையைச் சாய்த்து நாக்கை நுழைத்துக் கீழே அழுத்தினால் ‘கிளிக்’ என்று உட்காரும். உட்காரவில்லை என்றால் தட்டுக்கட்டை வைத்து மெல்லத் தட்ட வேண்டும். சுத்தியல் நேரடியாகப் பலகை விளிம்பில் படுவதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சுவரோரக் கடைசி வரிசைக்கு இழுப்புக் கம்பி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஜிக்சாவிலோ மார்பிள் கட்டரிலோ வெட்டும்போது டிசைன் முகம் கீழே இருக்க வேண்டும். கைரம்பம் என்றால் மேலே. இல்லாவிட்டால் விளிம்பு பிசிறும். வெட்டும் தூளை அண்டர்லே மேல் விடக் கூடாது, பின்னால் மிதிக்கும்போதெல்லாம் நறநறக்கும்.

சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி அவ்வளவு அவசியமா? அசிங்கமாகத் தெரியாதா?

தெரியாது, ஸ்கர்டிங் மூடிவிடும். லேமினேட் எதிலும் ஒட்டாமல் மிதக்கும் தரை. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ. வரை விரியும், சுருங்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையும், பகலில் சன்னல் திறந்து கடற்காற்று வரும் அறையும் ஒன்றேதான் என்னும்போது, இந்த அசைவு நம் ஊரில் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். தூண், கதவு நிலை, குழாய் என்று எதைச் சுற்றியும் அதே இடைவெளி வேண்டும்.

அறை 8 அல்லது 10 மீட்டருக்கு மேல் நீண்டாலும், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும் வாசலிலும், டி வடிவப் பட்டியால் தரையைப் பிரிக்க வேண்டும். வீடு முழுவதும் ஒரே ஓட்டமாக இருந்தால் அழகுதான். ஆனால் ஹாலில் விரியும் தரை படுக்கையறைத் தரையைத் தள்ளும். வாசல் குறுகலில் பிதுங்கி நிற்கும். பட்டிக்கான அடிக்கம்பியைத் தரையில் திருகும்போது பலகையைத் துளைக்கக் கூடாது. லேமினேட் முடிந்து டைல்ஸ் தாழ்வாகத் தொடங்கும் இடத்துக்கு ரெட்யூசர் பட்டி போட வேண்டும்.

கதவு நிலையை என்ன செய்வது?

மரநிலை என்றால், அண்டர்லே துண்டின் மேல் பலகைத் துண்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ரம்பத்தைப் படுக்க வைத்து நிலையின் அடியை அறுக்க வேண்டும். பலகை அதனடியில் நுழைந்துவிடும், இடைவெளியும் மறைந்துவிடும். இரும்பு நிலை, கிரானைட் பட்டி இவற்றை அறுக்க முடியாது. அங்கே 10 மி.மீ. விட்டு, பலகை நிறத்து நெகிழ்வான அடைப்பால் மூடலாம். அறுக்கும் முன் நிலைக்கு அடியில் வயர் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

ஸ்கர்டிங்கை எதோடு அடிப்பது?

சுவரோடு. ஒருபோதும் பலகையோடு அல்ல.

பீரோ, கட்டில், அலமாரி?

கட்டிலும் சோபாவும் பிரச்சினையில்லை, காலுக்கு ஃபெல்ட் ஒட்டினால் போதும். சுவரோடு பொருத்தும் வார்ட்ரோபைத் தரைக்கு முன்பே பொருத்திவிட்டு, லேமினேட்டை அதன் முன்விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். புத்தகமும் பாத்திரமும் அடைத்த இரும்பு பீரோ தரையின் ஒரு முனையை ஆணியடித்தது போலப் பிடித்துக்கொள்ளும். அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பீரோ வைத்தால் நடுத்தரை எங்கே போகும்? மேலே எழும்பும், அல்லது மூட்டு விலகும். கனமானவற்றை ஒரே சுவர்ப்பக்கம் சேர்த்து வையுங்கள். ஆபீஸ் நாற்காலிக்கு மென்மையான ரப்பர் சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தரை தூக்கிவிட்டது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலால் அழுத்திப் பாருங்கள். கூடாரம் போல எழும்பிய இடம் அழுத்தினால் இறங்கி, விட்டால் ஏறுகிறதா? எங்கோ ஓரிடத்தில் தரை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கர்டிங்கைக் கழற்றி, சுவரைத் தொடும் பலகையை 10 மி.மீ. வெட்டிவிட்டால் சில நாளில் தானாகப் படுத்துவிடும். கதவு நிலை, டி பட்டி, பீரோ மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

மூட்டு மட்டும் வரப்பு போலப் புடைத்து, அழுத்தினாலும் இறங்கவில்லை என்றால் அது நீர் குடித்த ஹெச்.டி.எஃப். உலர்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. பலகையை மாற்றத்தான் வேண்டும், ஆனால் முதலில் நீர் வந்த வழியை அடைத்துவிட்டு.

ஒரே இடத்தில் ‘டக் டக்’ என்றால் அடியில் பள்ளம். முனை மூட்டு விலகியிருந்தால் லாக் ஒடிந்திருக்கலாம், அல்லது பாரம் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கலாம்.

துடைப்பது எப்படி?

மென்மையான துடைப்பம் அல்லது வாக்குவம், பிறகு நன்றாகப் பிழிந்த துணி. துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் துணியில் தண்ணீர் அதிகம். பினாயில் வாளி, சோப்புத் தண்ணீர், ஸ்டீம் மாப், மெழுகு நான்கும் வேண்டாம். வீட்டு வேலைக்கு வருபவரிடம் இதைச் சொல்வதோடு நிறுத்தாமல், பிழியும் வசதியுள்ள தட்டை மாப் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நெயில் பாலிஷ், மை, பெயின்ட் கறைக்குத் துணியில் சில சொட்டு அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போகும்.

நடுவில் ஒரு பலகை மட்டும் போய்விட்டால்?

சுவருக்கு அருகில் என்றால் அந்த ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றி, மாற்றிவிட்டு, அப்படியே திரும்பப் பூட்டலாம். அறை நடுவே என்றால் கெட்ட பலகையை உள்பக்கமாக வெட்டி எடுத்து, புதுப் பலகையின் அடி உதட்டை உளியால் செதுக்கி, விளிம்பில் ஈரம் தாங்கும் டி3 வகை வெள்ளைப் பசை தடவி, மேலிருந்து இறக்கி ஒரு நாள் பாரம் வைக்க வேண்டும். பரணில் வைத்த பத்தாவது பெட்டி இதற்குத்தான்.

கொட்டேஷனில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

சதுர அடி விலை மட்டும் எழுதிய தாளை ஏற்காதீர்கள். பலகையின் பெயர், கனம், தேய்மான வகுப்பு. பாலித்தீன் தாளும் அண்டர்லேயும் சேர்ந்ததா, அண்டர்லே எத்தனை மி.மீ.; ஸ்கர்டிங்கும் டி பட்டியும் ரன்னிங் அடிக்கு எவ்வளவு; மட்டம் செய்யும் வேலை தனியா; கதவு இழைப்பது யார் பொறுப்பு; சேதாரம் எத்தனை விழுக்காடு, மிச்சப் பலகை யாருக்கு; லிஃப்ட் இல்லாத மாடிக்குச் சுமைகூலி உண்டா; வரி சேர்ந்த தொகையா. கம்பெனி தரும் உத்தரவாதம் பலகைக்கு மட்டும்தான் இருக்கும். போடும் வேலைக்கு அந்தக் குழு எத்தனை மாதம் பொறுப்பு என்பதைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.